அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு கையெழுத்து

1

எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு மகள் ஒரு வீடியோ செய்து கொண்டிருந்தாள். பழைய கல்யாண ஆல்பத்திலிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, டிவியில் ஓட்டுவதாகத் திட்டம். பெயர் கயல், பதினேழு வயது. அயர்லாந்தில், கார்க் நகரத்தில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பேசுகிற தமிழிலும் வார்த்தைகள் இடம் மாறி வந்து விழும்.

ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இதுல மல்லிகா அத்தை எங்க?"

"இருப்பாங்க, பாரு."

"மூணு தடவை பாத்துட்டேன். ஒரு போட்டோலகூட இல்ல. அத்தை அன்னிக்கு ஒளிஞ்சு விளையாடினாங்களா?"

ஒளிந்துகொண்டார்களா என்றுதான் கேட்க வந்தாள். சமையலறையில் இருந்த என் மனைவி சுமதி அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். அது அவள் கல்யாணமும்தானே.

"அப்ப அத்தைக்கு உடம்பு சரியில்ல கண்ணு" என்று சொல்லி வைத்தேன். மகளிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் மோசமானது. அக்காவுக்கு அன்று உடம்புக்கு ஒன்றுமில்லை.

2

நான் பிறந்தது ஏற்காடு மலையில் வெள்ளக்கடைப் பக்கம், ஒரு காப்பி எஸ்டேட்டில். அப்பா அங்கே ரைட்டர். ஆள் வருகை எழுதுவது, பழம் எடை போடுவது, துரைக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் வேலை. பூர்வீகம் ஓமலூர்ப் பக்கம். மலையிலேயே பரம்பரையாக விவசாயம் செய்தவர்களிடம் விதவை, தீட்டு, சகுனம் என்று இத்தனை கெடுபிடிகளை நான் பார்த்ததில்லை. கெடுபிடியெல்லாம் கீழேயிருந்து எங்களைப் போன்றவர்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தது.

மல்லிகா அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். இருபத்தாறு வயதில் மஞ்சக்குட்டையில் மிளகும் ஆரஞ்சும் போட்டிருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். அவரை ஊரே ராசு என்று கூப்பிடும். கல்யாணமான இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலை வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஒன்பதாம் நாள் உடலைத்தான் மலையேற்றினோம். குழந்தை இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த வருடம் என் கல்யாணம், சேலத்தில் ஒரு மண்டபத்தில். பெண் பார்த்தது முதல் பத்திரிகை எழுதியது வரை அக்காதான் ஓடினாள். சுமதியின் கூறைப்புடவை அவள் தேர்ந்தெடுத்தது. மணவறைக்குப் போகும்முன் எனக்கு வேட்டி மடிப்பெடுத்துக் கட்டிவிட்டதும் அவள்தான். கட்டி முடித்ததும் அம்மா வந்து, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"மல்லி, நீ ஸ்டோர் ரூமுல இரு சாமி. பொண்ணூட்டுக்காரங்க எதுக்கால வராத. தாலி கட்டி முடியட்டும்."

அக்கா "சரிம்மா" என்றாள். அப்பா அந்தப் பக்கம் நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மாப்பிள்ளை. அன்று அந்த மண்டபத்தில் என் வார்த்தைக்கு மதிப்பிருந்தது. "அக்கா இல்லாம நான் மணவறைல உக்கார மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் சத்தம் எழுந்து அடங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை என்பதைத்தான் இப்போது எழுதக் கை கூசுகிறது. அது வழக்கம், அவ்வளவுதான் என்றிருந்தேன்.

3

கார்க்கில் நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். சுமதி நர்ஸ், அவள் வேலையைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் என்னை அசத்தியது ஒரு சின்ன விஷயம். இங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. ஒரு நாளைக்கு எத்தனை நன்றி! முதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டி எனக்குக் கழுத்து வலி வந்தது.

என்னை இங்கே எல்லோரும் பழனியப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதப்போய் அது குடும்பப் பெயராகிவிட்டது. பல் டாக்டர் கிளினிக்கில் நர்ஸ் வெளியே வந்து "மிஸ்டர் பழனியப்பன்" என்று கூப்பிடும்போது, இறந்துபோன அப்பாதான் எழுந்து போகவேண்டும் போல இருக்கும்.

இந்த ஊருக்கு நான் கடமைப்பட்டவன். பயமில்லாமல் பிள்ளை வளர்க்க முடிந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. நான் விட்டு வந்த ஏற்காடு அப்படியே நிற்பதாக நினைத்துக்கொண்டு, அதன் சட்டங்களை இங்கே காபந்து பண்ணி வந்திருக்கிறேன். சுமதியின் தோழி ஒருத்தி விவாகரத்து ஆனவள். அவளை வீட்டில் சாமி கும்பிடும் நாளில் கூப்பிட வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். "ஊர்ல இப்படித்தான்" என்று மகளுக்கு நான் விளக்கிய பலவும் ஊரில் எப்போதோ ஒழிந்து போனவை.

4

கல்யாண நாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். அக்கா மஞ்சக்குட்டையில் அங்கன்வாடி டீச்சர். அப்பா காலமானபின் அம்மாவும் அவளும் அங்கேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஸ்கூட்டியில்தான் போக்குவரத்து.

வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்தது. பிறகு சொன்னாள்.

"தம்பி, ஒரு சேதி. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பெயர் அந்தோணி. அரசு பஸ் டிரைவர். சேலத்திலிருந்து வாழவந்தி போகிற வண்டியை இருபது வருடமாக மலையேற்றி இறக்குகிறவர். மனைவி ஆறு வருடம் முன்பு தவறிவிட்டார். ஒரே மகன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். அங்கன்வாடிக்கு வரும் சத்துமாவு மூட்டையை அவர்தான் பஸ்ஸை வாசலிலேயே நிறுத்தி இறக்கிக் கொடுப்பாராம். அப்படித்தான் பழக்கம்.

"உனக்கு நாப்பத்தொம்பது ஆச்சுக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே."

"இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? அவுங்க வேற சர்ச்சுக்குப் போறவங்க. ஊர்ல என்ன பேசுவாங்க?"

அக்கா ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"எந்த ஊருடா சாமி? நீ சொல்ற ஊரு இப்ப இங்க இல்லியே. நம்ம எஸ்டேட் மேஸ்திரி மக ரெண்டாங் கல்யாணம் பண்ணி மூணு வருசமாச்சு. எங்க சூப்பர்வைசரம்மா புருசன உட்டுப்போட்டுத் தனியா இருக்குது, அதையும் ஆரும் ஒண்ணும் கேக்கல. எனக்கு நொம்ப நாளா சாயந்திரம் பேச ஆளில்ல. இவரு பேசறாரு. நான் சொல்றதையுங் கேக்கறாரு. அவ்வளவுதான்."

நான் "அம்மா?" என்றேன்.

"அம்மாகிட்ட அப்புறம் பேசு. இப்ப உன்னால ஒரு காரியம் ஆகோணும்."

காரியம் இதுதான். வேறு வேறு மதம் என்பதால் கல்யாணத்தைச் சார்பதிவாளர் ஆபீசில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டும். அதற்கு முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் 'ராசு' என்றிருக்கிறது. ரேஷன் கார்டிலும் மற்ற எல்லாவற்றிலும் 'ராஜேந்திரன்'. அன்று இறப்பைப் பதியப் போனது நான்தான். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பெயர் கேட்டார்கள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. இத்தனை வருடத்தில் அந்தக் காகிதத்தை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பெயரைத் திருத்த, தகவல் கொடுத்தவரே தூதரகத்தில் சான்று பெற்ற உறுதிமொழி தர வேண்டும் என்கிறார்கள்.

"பாத்து அனுப்பறேன்க்கா" என்று போனை வைத்தேன்.

5

அனுப்பவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள். தூதரகத்தில் நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். உண்மையில் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. முடியாது என்று சொல்லத் துணிவில்லாதவன் தாமதம் செய்கிறான். ஒரு கையெழுத்தில் அக்காவின் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சுமதி ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்க, மல்லிகா அண்ணிக்கு அந்தப் பேப்பரு போயிருச்சா?"

"இன்னும் இல்ல."

"உங்களுக்கு அதுல என்ன நோவுதுன்னு கேக்கறேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு அவுங்க உள்ள இருந்தது எனக்கு அப்பவே தெரியும். புதுப்பொண்ணு, வாயத் தொறக்கல. இருவது வருசமா உறுத்திட்டுத்தான் இருக்குது. உங்களுக்கு உறுத்தலியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அன்று டெப்போவில் மதியச் சாப்பாட்டின்போது மோராவிடம் இதைச் சொன்னேன். மோரா என்னோடு வேலை செய்கிற ஐரிஷ் பெண்மணி, அறுபது வயது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ரொட்டியை மென்றவர், தன் சித்தியைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகாமல் பிள்ளையுண்டானதற்காக அவரை வீட்டை விட்டு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். அதற்குப்பின் வீட்டில் அவர் பெயரையே யாரும் உச்சரிக்கவில்லை. இப்போது மோராவின் மகளுக்குக் கல்யாணமில்லாமலே இரண்டு குழந்தைகள். மோராவின் அம்மா, அதே சித்தியின் அக்கா, அந்தக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைத்தெருவெல்லாம் போகிறாராம்.

"எப்போது மாறியது?" என்று கேட்டேன்.

"தெரியாது. யாரோ ஒருவர் முதலில் வெட்கப்படுவதை நிறுத்தியிருக்க வேண்டும்" என்றார். பிறகு, "உன் அக்கா நிறுத்திவிட்டார். நீதான் அவருக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு டீ ஊற்றப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. போனை எப்போதும் நெற்றிக்கு நேரே பிடிப்பார். எனக்குத் தெரிவது நரைத்த தலைமுடி மட்டும்.

"அம்மா, உங்களுக்கு இதுல சம்மதமா?"

"அவ ராத்திரில ஒத்தையில உக்காந்து சாப்பிடறத நான்தானே பாக்கறேன், நீயா பாக்கற?" என்றார். "உங்கப்பன் இருந்திருந்தா உட்டிருக்க மாட்டாரு. நானும் அன்னிக்கு அவள ரூமுக்குள்ள போச்சொன்னவதான். போச்சொன்னது நானு. நீ ஏன் அதையே புடிச்சுட்டுத் தொங்கற? அந்தத் தம்பி நல்ல மனுசன். எனக்குக் கண்ணு ஆப்பரேசனுக்குக் கூட்டிட்டுப் போனது ஆருன்னு நெனச்ச?"

அது அவர்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆபரேஷன் முடிந்தது தெரியும். எப்படிப் போனீர்கள் என்று நான் கேட்டதேயில்லை.

மகளிடமும் அன்று உண்மையைச் சொன்னேன். அத்தைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, நாங்கள்தான் உள்ளே வைத்தோம் என்றேன். கயல் "நீங்க அப்ப சின்னப் பையனா?" என்று கேட்டாள். "இல்ல. இருபத்தாறு வயசு" என்றேன். எனக்குச் சாக்குத் தேடித்தர அவள் முயன்றது புரிந்தது. அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

6

தூதரகம் இருக்கும் டப்ளினுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். உறுதிமொழி, அதற்கு இரண்டு நகல், பாஸ்போர்ட் நகல், முகவரிக்குச் சான்று, போட்டோ. போட்டோவின் அளவு தவறு என்று வெளியே போய் வேறு எடுத்து வந்தேன். நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "பழனியப்பன்!" என்று கூப்பிட்டார்கள். இந்த முறை எழுந்து போகும்போது, அப்பா சார்பிலும் போகிறேன் என்று வேண்டுமென்றே நினைத்துக்கொண்டேன். அவர் போட்டிருக்க மாட்டாத கையெழுத்து அது.

கவுண்டரில் ஒரு இளம்பெண். காகிதத்தைப் புரட்டிவிட்டு, எந்தத் தேவைக்காக என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அக்காவுக்குக் கல்யாணம்."

மறுமணம் என்றுகூட நான் சொல்லவில்லை. அந்தப் பெண் முகமெல்லாம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னார். "நீங்கள் போகிறீர்கள்தானே?" என்றும் கேட்டார். "ஆமாம்" என்றேன். அதுவரை அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் உட்கார்ந்துதான் டிக்கெட் போட்டேன்.

7

பெயர் திருந்தி வந்தது. பிறகு முப்பது நாள் அறிவிப்பு. இன்னாரும் இன்னாரும் மணம் செய்யவிருக்கிறார்கள், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும் என்று ஆபீஸ் பலகையில் ஒட்டி வைப்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முப்பது நாளும் முடிந்திருந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. பத்திரம் பதிய வந்த மஞ்சக்குட்டைக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, செல்போனில் படமெடுத்து ஊர் வாட்சப் குழுவில் போட்டுவிட்டாராம். அதன் கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்து. ஒருத்தர் மட்டும் "பிரியாணி உண்டா?" என்று கேட்டிருந்தார்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய்யாகும். ஓமலூர்ப் பெரியப்பா வரவில்லை. அவர் வீட்டிலிருந்து ஒரு போன்கூட இல்லை. அந்தோணியின் தங்கையும் வரவில்லை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாரவங்க வரட்டும்" என்று அரைத்த மசாலாவை வழித்துக்கொண்டே சொன்னாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. அக்கா வீட்டு வாசலில், காய்வதற்குப் பரப்பியிருந்த மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தோம். வெயில் இதமாக இருந்தது. எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"அக்கா, அன்னிக்கு மண்டபத்துல நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்" என்றேன்.

அக்கா கையை நிறுத்தவில்லை. "ஆமா. சொல்லியிருக்கோணும்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன் போல. அவள் அப்படிச் சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் நான் அத்துடன் தப்பித்திருப்பேன்.

கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள். "நான் உள்ள உக்காந்து அழுதேன்னு நெனச்சியா? அழுவல. கோவம் கோவமா வந்துச்சு. பக்கத்துல லட்டுக் கூடை. எடுத்து எடுத்து ஆறு லட்டுத் தின்னேன். பந்தியில லட்டுப் பத்தாமப் போனதுக்கு நாந்தான் காரணம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் மிளகைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கெட்டிமேளம் கேட்டுச்சு பாரு, அப்ப மட்டும் எந்திரிச்சு நின்னேன். கதவு சாத்தியிருக்குது, ஆரும் பாக்கல. ஆனா எந்தம்பி தாலி கட்டறான், உக்காந்துட்டு இருக்க முடியுமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மிளகு வாசம் அடிக்கும் கையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

8

மறுநாள் ஆபீசில் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அக்கா கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை. தலையில் பூவை அம்மா வைத்துவிட்டார். இரண்டு முறை பூ நழுவியது. மூன்றாவது முறை அக்கா குனிந்து கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்து மூன்று பேர்: நான், அந்தோணியின் மகன், அங்கன்வாடி உதவியாளர் அம்மா. கார்க்கிலிருந்து சுமதியும் கயலும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை மாற்றியபோது கயல் அங்கிருந்து "அத்தை, ஜெயிச்சுட்டீங்க!" என்று கத்தினாள். வாழ்த்துகள் என்பதற்கு அவளுக்கு வந்த வார்த்தை அது. யாரும் திருத்தவில்லை.

அன்று மத்தியானம் அந்தோணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்கூர்ல நீங்களும் பஸ்ஸு ஓட்டறதா மல்லிகா சொன்னாங்க. அங்க மலை, வளைவெல்லாம் இருக்குதுங்களா?"

"மேடு பள்ளம் உண்டுங்க. இந்த மாதிரிக் கொண்டை ஊசியெல்லாம் கிடையாது."

"அப்ப சொகமான ரூட்டுங்க" என்றார் திருப்தியோடு. அதற்குப்பின் ஒரு மணி நேரம் பிரேக், கிளச், மழைக்காலம் பற்றியே பேசினோம். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரோடும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

இரண்டு நாள் கழித்து நான் கிளம்பினேன். அவர் ஓட்டிய வண்டியிலேயே சேலத்துக்கு இறங்கினேன். வண்டி நிறையப் பெண்கள். கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து மலையில் பெண்கள் வீட்டிலேயே தங்குவதில்லை என்று ஆண்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பலாப்பழ மூட்டையோடு ஏறிய ஒரு அம்மா, முதல் வளைவு வந்ததும் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க புது மாப்பிள்ளை, வளைவுல பாத்து ஓட்டுங்க! நாங்கெல்லாம் ஊடு போய்ச் சேரோணும்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தோணி திரும்பவில்லை. பின்னாலிருந்து பார்க்க அவர் காது சிவந்திருந்தது. ஹாரனை இரண்டு தரம் அடித்தார்.

கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த என்னை அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க ஆருங்க? இந்தப் பக்கம் பாத்ததில்லியே."

"டிரைவருக்கு மச்சினனுங்க" என்றேன், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அட, மல்லிகா டீச்சர் தம்பியா!" என்று சொல்லி, அவர் பலாப்பழ மூட்டையைக் காலால் நகர்த்தி, தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.